கேளுங்க அக்கா: தனியா ஊர் சுத்திப் பார்க்கலாமுங்களா?

போன இதழில், ‘பெரிய ஊரில் தனியாகச் சுற்றியிருக்கிறீர்களா? சுற்ற ஆசை உண்டா?’ என்று கேட்டிருந்தேன். ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கோவைப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

வணக்கமுங்க அக்கா. எங்களுக்குக் காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். தோட்டம், மாடு, வீடு என்றே இருந்துவிட்டேன். மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததால் துணைக்கு வேளச்சேரியில் வந்து இருக்கிறேன். அவள் காலையில் போனால் ராத்திரிதான் வருவாள். வந்த புதிதில் கதவைத் திறக்கவே பயம். அப்புறம் காய் வாங்கப் போனேன், ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன், ஒருநாள் துணிந்து பறக்கும் ரயிலில் ஏறி மயிலாப்பூர் போய் கபாலீஸ்வரரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியலைங்க. இப்போது தினமும் கிளம்பலாமா என்று இருக்கிறது. ஊரில் இருக்கும் வீட்டுக்காரர், ‘தனியா எதுக்குப் போறே, நான் வந்தப்புறம் போய்க்கலாம்’ என்கிறார். நான் செய்வது சரிங்களா? இன்னும் எங்கெல்லாம் போகலாம்?
— வாசகி, காங்கேயம்

சரிதான் அம்மிணி, இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அவர் வரும்போது வரட்டும், வந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு போய் ஊரைச் சுற்றிக் காட்டுங்கள். அதுவரைக்கும் நாலு சுவருக்குள் உட்கார்ந்து மகள் வரும் நேரத்தை எண்ணிக்கொண்டு இருப்பதில் யாருக்கு என்ன லாபம்?

எங்கே போகலாம் என்பதற்கு நீங்கள் ஏறிய ரயிலிலேயே பதில் இருக்கிறது. வேளச்சேரியில் ஏறினால் கடற்கரை வரைக்கும் அந்த ஒரே தடத்தில் சென்னையின் நல்ல பாதி வந்துவிடும். எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும், வீட்டுக்குத் திரும்ப எதிர்ப்பக்க பிளாட்பாரத்தில் நின்றால் போதும், வண்டி மாற வேண்டியதில்லை. அதனால் வேறு எதையும் இப்போதைக்கு யோசிக்காமல், வாரத்துக்கு ஒரு ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவான்மியூரில் இறங்கினால் மருந்தீஸ்வரர் கோயில், அப்படியே கொஞ்சம் நடந்தால் கடல். கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது, தமிழ்ப் புத்தகங்களுக்கு மட்டும் தனித் தளமே இருக்கிறது. உறுப்பினராகாமலே உள்ளே உட்கார்ந்து படிக்கலாம், யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். வெயில் காலத்துக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ‘எனக்கு அவ்வளவு படிப்பு இல்லைங்களே’ என்று தயங்காதீர்கள். சமையல் புத்தகமும் சாமி கதையும் விவசாயப் புத்தகமும்கூட அங்கே இருக்கின்றன.

மயிலாப்பூர் ஏற்கெனவே போய்விட்டீர்கள். இன்னொரு தடவை போனால் கோயிலுக்குள் மட்டும் போய்த் திரும்பாமல் நாலு மாட வீதியையும் மெதுவாகச் சுற்றி வாருங்கள்.

திருவல்லிக்கேணிக்கு மட்டும் ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். பார்த்தசாரதி கோயிலில் மூலவருக்கு மீசை உண்டு. பெருமாளை மீசையோடு நம் பக்கம் பார்த்திருக்க மாட்டீர்கள். உற்சவரின் முகத்தில் இருக்கும் வடுக்களைப் பாரதப் போரில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்பு என்பார்கள். கூட்டம் குறைவான நாளாகப் பார்த்துப் போனால் நின்று நிதானமாகப் பார்க்க முடியும். வெளியே வந்து துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்குப் போனால் பாரதியார் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அதற்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1921-இல் ஈரோடு கருங்கல்பாளையம் நூலகத்துக்கு வந்து பேசிவிட்டு அவர் திரும்பிப் போனது அந்தத் திருவல்லிக்கேணிக்குத்தான், அதே வருஷம் செப்டம்பரில் இறந்துவிட்டார். ஈரோட்டுக்கு எத்தனையோ தடவை மஞ்சள் ஏற்றிய வண்டியோடும் கல்யாணச் சேலை வாங்கவும் போயிருப்பீர்கள். அந்த ஊரில் நின்று பேசிய மனிதர் திரும்பி வந்து ஏறிய வாசல்படி இது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

இப்போது சில நடைமுறை விஷயம். பெரிய கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். ஆகவே காலையில் ஒன்பது, பத்துக்குள் போய்ச் சேர்கிற மாதிரி கிளம்புங்கள். பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் பெரிது பெரிதாகக் கட்டி வைத்திருக்கிறார்களே ஒழிய, சிலவற்றில் ஆள் நடமாட்டமே இருக்காது, படிக்கட்டு இருட்டாகவும் கிடக்கும். நாலு பேர் இறங்கும்போது அவர்களோடு இறங்குங்கள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். பெண்கள் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று பிளாட்பாரத்தில் நிற்கும் பெண்களைக் கேட்டாலே காட்டிவிடுவார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நம் ஊர் மாதிரியே பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, 2021 மே மாதத்திலிருந்தே அப்படித்தான். ஏறும்போது ‘இது லேடீஸ் ஃப்ரீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் சுற்றாதீர்கள், நம் பெண்கள் பலரும் செய்கிற காரியம் அது. மெட்ரோ ஸ்டேஷன், நூலகம், அருங்காட்சியகம், உட்கார்ந்து சாப்பிடுகிற கொஞ்சம் பெரிய ஓட்டல் இங்கெல்லாம் இருக்கிறது. கிளம்பும்போதே எங்கே நிற்கலாம் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகப் போவதில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். நம் ஊரில் வேன் பிடித்துக் கோயிலுக்குப் போகிறோம், இருபது பேர் போவோம். இறங்கியதுமே ‘அரை மணி நேரத்துல வந்துரோணும்’ என்று ஒருவர் சத்தம் போடுவார். ஒரு குழந்தைக்குப் பசிக்கும், ஒரு பெரியவருக்குக் கால் வலிக்கும், அதையெல்லாம் பார்ப்பது நம் வேலை. சாமி முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டோம். கலகலப்பு உண்டு, அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தனக்குப் பிடித்த இடத்தில் பிடித்த நேரம் நிற்பது என்பது, இத்தனை வருஷமும் மற்றவர்கள் நேரத்துக்கே ஓடிய ஒரு பெண்ணுக்குப் பெரிய விஷயம். உங்கள் கடிதத்தில் ‘சொல்லத் தெரியலைங்க’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான் என்று நினைக்கிறேன்.

சென்னைக்குக் கல்யாணம், காதுகுத்து என்று பல தடவை போயிருக்கிறேன். மண்டபத்தைத் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியன், வயது 67. தனியாக ரெண்டு நாள் போய் வர ஆசை. முழங்கால் கொஞ்சம் படுத்தும். என்ன பார்க்கலாம்?
— வாசகர், திருச்செங்கோடு

ஐயா, உங்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் ஒன்று போதும். 1851-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்து நாள் வையுங்கள். பல கட்டிடங்களாகப் பரந்து கிடக்கிறது, முழங்கால் வலியோடு எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு காலை வெண்கலச் சிலைகள், மறுநாள் காலை அமராவதிச் சிற்பங்கள் என்று பிரித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள்.

வெண்கலச் சிலைகளில் எல்லாரும் திருவாலங்காட்டு நடராஜரைத் தேடித்தான் போவார்கள். நீங்களும் பாருங்கள். ஆனால் திருச்செங்கோட்டுக்காரர் நின்று பார்க்க வேண்டியது திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீஸ்வரர், சோழர் காலம், 11-ஆம் நூற்றாண்டு. மலைமேல் உங்கள் சாமியை மாலையும் பட்டும் போர்த்தித்தான் பார்த்திருப்பீர்கள். இங்கே அலங்காரம் எதுவும் இல்லாமல் உடம்பு முழுசாகத் தெரியும். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. வலப்பக்கத் தோளும் இடுப்பும் ஆணுக்குரிய மாதிரி நேராக இறங்க, இடப்பக்கம் இடுப்பு ஒடிந்து வளைந்து போகும். இரண்டையும் சேர்த்த கோடு எங்கே ஓடுகிறது என்று தேடிப் பாருங்கள், ஒட்டுப் போட்ட மாதிரி எங்குமே தெரியாது. பக்கவாட்டில் ஒரு தடவை, எதிரில் ஒரு தடவை என்று சுற்றி வந்து பார்த்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. அவசரப்படுத்த ஆள் இல்லாமல் போகிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

அதே பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகமும் விற்பனை நிலையமும் இருக்கின்றன. 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அது. சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம் என்று நம் பக்கத்துத் தறியில் நெய்தவற்றைச் சென்னைக்காரர்கள் எப்படித் தொட்டுப் பார்த்து வாங்குகிறார்கள் என்று நின்று பாருங்கள். வாங்க வேண்டும் என்பதில்லை.

போவதற்கு ஈரோட்டிலிருந்தே கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 60 தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, தனியாகவோ இரண்டு பேராகவோ போனால்தான் அது கிடைக்கும். குடும்பத்தோடு மொத்தமாக டிக்கெட் போட்டால் போய்விடும். தனியாகப் போவதில் இப்படியும் ஒரு வசதி! சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர், லிஃப்ட் இருக்கிறது. எழும்பூர் ஸ்டேஷனைச் சுற்றியே தங்கும் விடுதிகள் நிறைய. முடிந்தால் ரயில்வே ஓய்வறையைப் பாருங்கள், டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் இருந்தால் ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். கிளம்பும் நாளில் பையை கிளோக் ரூமில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடக்கலாம். பைக்குப் பூட்டு அவசியம், இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள்.

அக்கா, கோபிக்காரன் நான். காந்திபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி பேங்க் எக்ஸாம் கோச்சிங் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரூமில் போனோடு கிடக்கிறேன். கோயம்புத்தூரில் மால் தவிர என்ன இருக்கிறது? தனியாக ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடவே எனக்குக் கூச்சம்.
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

தம்பி, முதலில் சாப்பாடு. உன்னைப் பார்ப்பதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. மதியம் ஒரு மணிக்குக் கூட்டத்தில் போய் நின்றால்தான் கூச்சம் வரும். பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் போ, சுவர் ஓரமாக ஒரு இடம் பிடி, சாப்பாடு சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார். மேஜையில் எதிரே யாராவது வந்து உட்கார்ந்தால் ‘உட்காருங்ணா’ என்று சொல். நம் ஊர் ஓட்டல்களில் அது வழக்கம்தான். ஒரே மெஸ்ஸுக்கு நாலு வாரம் போனால் சர்வர் அண்ணன் நீ கேட்காமலே ரசம் ஊற்றுவார். அப்புறம் எந்த ஓட்டலுக்குள்ளும் தயங்காமல் நுழைவாய்.

ஊருக்கு வா. காந்திபுரத்தில் உக்கடம் போகும் டவுன் பஸ் ஏறி டவுன்ஹாலில் இறங்கு. அந்த டவுன்ஹால் கட்டிடம் 1892-இல் கட்டியது. அங்கிருந்து போன் மேப்பை மடித்து வைத்துவிட்டு நட. ஒப்பணக்கார வீதி, ராஜ வீதி, பெரிய கடை வீதி மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, எங்கே போனாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பாய். கோயம்புத்தூரின் காவல் தெய்வம் கோனியம்மன், பெரிய கடை வீதியில் புனித மைக்கேல் பேராலயம், ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாத் பள்ளிவாசல் எல்லாம் நடக்கிற தூரம்தான். சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு சீக்கிரம் விட்டால் ராஜ வீதியில் விஜயா பதிப்பகத்துக்குள் நுழைந்து புத்தகங்களைப் புரட்டு. பொழுது சாயும் நேரம் உக்கடம் பெரியகுளத்துக் கரைக்கு வந்துவிடு. நடைபாதை போட்டிருக்கிறார்கள், மேற்கே மலை தெரியும், நல்ல காற்று.

மால் தவிர என்ன இருக்கிறது என்றாய். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில் மேல் மில்லாக எழுந்தது. நாலு பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வேலை தேடி வந்து குடியேறியவர்களால் வளர்ந்த ஊர் இது. வெளியூரிலிருந்து தனியாக வந்து இறங்கிய பையன்களை இந்த ஊர் நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. நீ அதில் புதிய ஆள் இல்லை.

இன்னொரு ஞாயிறு பேரூர் போ. காலையில் போனால் கனகசபை மண்டபத்துத் தூண்களை நிதானமாகப் பார்க்கலாம். தூண்களில் பெரிய பெரிய சிற்பங்கள், கூரையிலிருந்து கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்கும். தலையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தால் தரையில் உட்கார்ந்து பார், கல்தரை குளுகுளுவென்று இருக்கும். தேர்வுக்குப் படிக்கிற பையன் அங்கே போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் திங்கட்கிழமை கணக்கு நன்றாகவே வரும்.

சென்னை பஸ் இப்போது கோயம்பேட்டுக்குப் போவதில்லையாமே? விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டால் தனியாளாக என்ன செய்வது?
— வாசகி, பெருந்துறை

ஆமாங்க, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்ததிலிருந்து நம் பக்கத்து பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. பயப்பட ஒன்றும் இல்லை. வெளிச்சமான, ஆள் நடமாட்டமுள்ள இடம், கழிப்பறையும் கடைகளும் உள்ளேயே இருக்கின்றன. இருட்டாக இருந்தால் விடிகிற வரைக்கும் உள்ளேயே உட்காருங்கள், வெளியே ஆட்டோக்காரர்கள் கூப்பிடுவதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். மாநகரப் பேருந்துகள் பக்கத்திலேயே கிளம்பும். எழும்பூர், பூங்கா ஸ்டேஷன் பக்கம் போவதானால் பஸ்ஸில் தாம்பரம் போய் மின்சார ரயிலில் ஏறுங்கள், பஸ்ஸைவிடச் சீக்கிரம், கட்டணமும் ரொம்பக் குறைவு. எனக்குக் கேட்டால், தனியாகப் போகிற பெண் முதல் தடவை பகல் ரயிலில் போவதே நல்லது. கோவையிலிருந்து காலையில் கிளம்பும் இன்டர்சிட்டி ஈரோட்டில் நின்றுதான் போகிறது. வெளிச்சத்திலேயே சென்ட்ரலில் இறங்கிவிடலாம்.

என் மகள் உடுமலையில் கல்லூரி படிக்கிறாள். கோவையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறாள். ‘நான் கூட்டிப் போறேன்’ என்றால் வேண்டாம் என்கிறாள். அனுப்பலாமா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

அனுப்புங்க அண்ணா. அடம்பிடித்து அவள் கேட்டது சினிமாவுக்கு இல்லை, கலங்கல் கிராமத்தில் பிறந்து, மின்மோட்டாரும் சவரக் கருவியும் செய்த ஒரு மனிதரின் வேலையைப் பார்க்க. இப்படிக் கேட்கிற பிள்ளையைத் தடுத்து நிறுத்தினால் அடுத்த தடவை கேட்காமலே போவாள்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அதைக் குறைக்க ஒரு வழி சொல்கிறேன். முதல் தடவை உங்கள் வேலை ஏதாவது கோவையில் இருக்கிற நாளாகப் பார்த்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போங்கள். பொள்ளாச்சி வழியாக வரும் உடுமலை பஸ் உக்கடத்தில் நிற்கும். அங்கே இறங்கியதும் நீங்கள் உங்கள் வேலைக்கு, அவள் டவுன் பஸ்ஸில் காந்திபுரத்துக்கு. அங்கிருந்து அவினாசி ரோட்டுப் பஸ்ஸை அவளே விசாரித்து ஏறட்டும். அருங்காட்சியக விடுமுறை நாளை முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்வதும் அவள் பொறுப்பு. பக்கத்திலேயே பழைய கார்களின் காட்சியகமும் இருப்பதால் நேரம் ஆகும், நாலு மணிக்கு உக்கடத்தில் சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நீங்கள் உடுமலையிலேயே இருங்கள்.

போய் இறங்கியதும் ஒரு போன், திரும்பி பஸ் ஏறியதும் ஒரு போன், அவ்வளவு போதும். நடுவில் நீங்கள் கூப்பிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ் பெயரைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்பாவின் போன் வந்தால் அவளுக்குப் பதட்டம்தான் கூடும். அவசர உதவிக்கான 112, பெண்களுக்கான 181 இரண்டையும் போனில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். போனில் சார்ஜ் போனால் என்ன செய்வது என்பதற்கு உங்கள் நம்பரை ஒரு தாளில் எழுதி, இருநூறு ரூபாயோடு பையின் உள் அறையில் வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் ‘எல்லாம் நல்லபடியா ஆச்சா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், என்னென்ன பார்த்தாள் என்று உட்கார்ந்து கேளுங்கள்.